கூழ்க்குழி

கனடாவின் பிராண்ட்பர்டு நகரில் 'மோகாக்குப் பயிலகம்' என்றோர் உறைவிடப் பள்ளி இருந்தது. ஆங்கிலிக்கன் திருச்சவையினர் சார்பில் 1831 முதல் தொல்குடிப் பிள்ளைகளை அடைத்து வைத்த அது, 1970-இல்தான் மூடப்பெற்றது. நாள்தோறும் வார்த்த கூழைக் கொண்டு பிள்ளைகள் அதற்குக் 'கூழ்க்குழி' எனப் பெயரிட்டனர். பெயரிடும் உரிமையை மட்டும் பறிக்க இயலவில்லை போலும்!

தாய்மொழி பேசிய வாய்க்கு அடியே பரிசு. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமோ பிள்ளைகளைக் கட்டாயமாய்க் கொண்டுசெல்லவும் அரசுக்கு வழிவகுத்தது. நாடெங்கும் இத்தகு பள்ளிகளில் அடைபட்டோர் ஏறத்தாழ 1,50,000 பேர். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவேயில்லை. மேற்குப் பகுதிப் பள்ளிகளில் என்புருக்கி நோயால் பிள்ளைகள் மடிவதை அரசு மருத்துவர் பீட்டர் பிரைசு 1907-இலேயே எடுத்துரைத்தார். கேட்டவர் யார்?

மொழியை அழிக்க நூல்களை எரிக்க வேண்டுவதில்லை. தாயையும் சேயையும் பிரித்தாற் போதும். மீண்டுவந்த பிள்ளை பாட்டியிடம் பேச மொழியின்றி நின்றது. எஞ்சிய சொற்களையும் தன் மக்களுக்குத் தர அஞ்சியது, அவர்களும் அடிபடுவரே! இக்கொடுமைக்கா கல்வி என்று பெயர்?

திருச்சவை 1993-இலும் அரசு 2008-இலும் பொறுத்தருள வேண்டின. கட்டடத்தை இடித்துவிடலாமா என்று பின்னர்க் கேட்டபோது, ஆறு நாட்டினக் குடிமக்கள் மிகப் பெரும்பான்மையர், "வேண்டா, சான்றாக நிற்கட்டும்" என்றனர்.