கண் கொடுத்த நாட்டில் கண்ணைக் கசக்கும் பிள்ளைகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றுக்கு உறவினர் வீட்டுக் கருமாதிக்காகச் சென்றிருந்தேன். இரவு லயத்து வாசலில் அமர்ந்திருந்தபோது, தங்கை முறையானவரின் பதினாறு வயது மகன் எதிர்மலைத் தொழிற்சாலையின் விளக்கைக் காட்டி, "மாமா, அங்க எத்தனை லைட்டு எரியுது?" என்று கேட்டான். ஒன்றுதான் என்றேன். "எனக்கு நாலு தெரியுது மாமா. எல்லாத்துக்கும் வால் மொளைச்ச மாதிரி இருக்கு" என்றவன், கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரல் முட்டிகளால் கண்களைக் கசக்கினான்.

இரண்டு ஆண்டுகளில் அது அவனுக்கு மூன்றாவது கண்ணாடி. மூன்றுக்கும் எட்டுக்கும் வேறுபாடு தெரியாமல் கணக்குகளைப் பிழையாக எழுதியவனை ஆசிரியர் முன்வாங்கில் அமர்த்திப் பார்த்தார். பின்னர், படிக்க மனமில்லாத பையன் என்று முடிவு செய்துவிட்டார். தாயார் திருஷ்டி கழித்தார். எவரையும் நான் குறைகூறப் போவதில்லை. அந்நோயின் பெயரை அன்று அங்கிருந்த எவரும் அறியோம். பல தசாப்தங்களாகப் பத்திரிகையில் எழுதிய நானும் அறியேன்.

அதன் பெயர் கெரட்டோகோனஸ். கண்ணின் முன்புறத்தில், கடிகாரத்தின் கண்ணாடியைப் போல, விழிவெண்படலம் என்னும் தெளிந்த படலம் இருக்கிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் மாத்திரமே. இந்நோயில் அப்படலம் மெல்ல மெல்ல மெலிந்து, உருண்டை வடிவத்தை இழந்து, கூம்பு போல முன்னே பிதுங்குகிறது. உள்ளே செல்லும் ஒளி சிதறுவதால் ஒரு விளக்கு பலவாகத் தெரிகிறது. கண்ணாடியின் இலக்கத்தை எத்தனை முறை மாற்றினாலும் பார்வை முழுமையாகத் தெளிவதில்லை.

இது புதிய நோயன்று. ஜோன் நொட்டிங்ஹாம் என்ற ஆங்கிலேய வைத்தியர், நமது மலைகளில் தேயிலைக்கு முன்னர் கோப்பி விளைந்த காலத்தில், 1854 ஆம் ஆண்டிலேயே இதனை விரிவாக எழுதி வைத்தார். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, முப்பது, நாற்பது வயது வரை இது முற்றிக்கொண்டே செல்லும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தோரையும் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வாமையால் கண் அரிப்பு உள்ள பிள்ளைகளிடமும், டவுன் சின்ட்ரோம் உள்ளோரிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஓயாமல் கண்ணைக் கசக்குதல் இந்நோயை வளர்க்கும் பழக்கம் என்பதை வைத்தியர்கள் மீண்டும் மீண்டும் வலியுறுத்துகின்றனர். விறகுப் புகை சூழ்ந்த லயத்துக் காம்பராவில் வளரும் பிள்ளை கண்ணைக் கசக்காமல் வேறென்ன செய்யும்?

இங்கே எனது தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தோட்டங்களில் நடைபெறும் இலவசக் கண் சிகிச்சை முகாம்களைப் பற்றி நான் பல செய்திகள் எழுதியிருக்கிறேன். எத்தனை பேருக்கு மூக்குக்கண்ணாடி வழங்கப்பட்டது, யார் தலைமை தாங்கினார், யார் பொன்னாடை போர்த்தினார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். கண்ணாடி கொடுத்தும் பார்வை தெளியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எங்கே அனுப்பப்பட்டனர் என்று ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவே.

ஏனெனில் இந்நோயில் காலம்தான் மருந்து. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் உருவாக்கிய சிகிச்சையொன்றின் முதற்பலன்கள் 2003 ஆம் ஆண்டில் வெளியாகின. ரைபோஃபிளேவின் என்ற விற்றமின் சொட்டுகளைப் படலத்தில் ஊறவிட்டு, அளவிட்ட புறஊதா ஒளியைப் பாய்ச்சுகின்றனர். ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. படலத்தின் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, பிதுங்குவது பெரும்பாலானோரிடம் நின்றுவிடுகிறது. அமெரிக்கா 2016 இல் இதற்கு அங்கீகாரம் வழங்கியது. ஆனால் இது நோயை நிறுத்துமே தவிர, இழந்த பார்வையைத் திருப்பித் தராது. படலம் அளவுக்கு மீறி மெலிந்த பின்னர் இதனைச் செய்யவும் இயலாது.

அடுத்த படி, கடினமான தொடு வில்லைகள். அவற்றால் பலர் நன்றாகப் பார்க்கின்றனர். ஆயினும் பீலித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ அவற்றில் படவே கூடாது. நீரிலுள்ள நுண்ணுயிர் கண்ணையே கெடுத்துவிடும். அதற்குரிய திரவத்தை மாதந்தோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் இறுதியில் இருப்பது, இறந்தவரின் விழிவெண்படலத்தைப் பொருத்தும் சத்திரசிகிச்சை.

அந்த இறுதிப் படியில் நம் நாடு உலகப் புகழ் பெற்றது. மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா, 1958 ஆம் ஆண்டில் பத்திரிகைக் கட்டுரையொன்றின் மூலம் கண்தானத்துக்கு அழைப்பு விடுத்தார். 1961 இல் இலங்கை கண்தான சங்கம் உருவானது. 1964 இல் இங்கிருந்து முதன்முதலாகக் கண்கள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. அதன் பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பல்லாயிரம் பேர் இலங்கையரின் கண்களால் பார்வை பெற்றனர். ஒரு பத்திரிகைக் கட்டுரை இவ்வளவு செய்ததென்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆயினும் என் வாதம் இதுதான்: கண்களை வாரி வழங்கும் நாடொன்று, தன் பிள்ளைகளை மாற்றுக் கண் தேவைப்படும் நிலை வரை விட்டுவைக்கலாகாது. பொருத்திய படலத்தையும் உடல் நிராகரிக்கக்கூடும். தையல்களும் சொட்டு மருந்தும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடரும். பதினான்கு வயதில் ஒரு மணி நேரத்தில் நிறுத்தியிருக்கக்கூடிய நோய்க்கு இருபத்தைந்து வயதில் தானக் கண்ணை எதிர்பார்ப்பதா?

தடையாக நிற்பது அறியாமை மட்டுமன்று. மோடி 2017 மே மாதத்தில் திறந்துவைத்த டிக்கோயா வைத்தியசாலை அருகில் இருந்தாலும், இத்தகைய விசேட சிகிச்சைக்குப் பெரும்பாலும் கொழும்புக்கே செல்ல வேண்டியுள்ளது. பிள்ளையை அழைத்துக்கொண்டு தாய் கினிகத்தேனை வழியாக பஸ் ஏறினால் அன்றைய பேர் இல்லை. ஆயிரம் ரூபாவுக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021 இல் அதனைப் பெற்று, 2024 இல் 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை எட்டிய மக்கள் இவர்கள். ஒரு கிளினிக் பயணம் ஒரு நாளோடு முடிவதுமில்லை.

ஆகவே பெரிய திட்டங்களைக் கேட்கவில்லை. முகாமுக்கு வரும் கண் பரிசோதகர், கண்ணாடி போட்டும் தெளியாத ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தனியே எழுத வேண்டும். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் சிறு கருவியிலேயே, ஒளி கத்தரிக்கோல் போல விரிந்து மூடுவதைக் கண்டு, பயிற்சி பெற்றவர் சந்தேகிக்க முடியும். படலத்தின் மேடுபள்ளங்களை வரைபடமாகக் காட்டும் பரிசோதனை அதனை உறுதி செய்யும். அப்பிள்ளையோடு செல்லும் தாய்க்குச் சம்பளத்துடன் விடுமுறை வழங்குமாறு தொழிற்சங்கங்கள் கேட்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கண்ணாடி மாறும் மாணவனைச் சோம்பேறி என்று சொல்லுமுன், ஆசிரியர் ஒரு கடிதம் எழுதி வைத்தியசாலைக்கு அனுப்பட்டும். அரிப்புக்கு மருந்து உண்டு. கசக்காதே என்று தாய்மார் சொல்லட்டும்.

என் மருமகனின் வலது கண்ணில் நோய் நிறுத்தப்பட்டுவிட்டது. இடது கண்ணின் படலமோ அச்சிகிச்சையைத் தாங்கும் தடிப்பில் இல்லை. காலம் கடந்துவிட்டது என்றனர். அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், வயது பன்னிரண்டு. சென்ற முறை போனபோது அவளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். இம்முறை நாங்கள் காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே கொழும்பு பஸ்ஸில் ஏற்றினோம்.