ஆளைப் பார்த்து ஓட்டுப் போடாதீர்கள்

நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் சென்னையின் கோபாலபுரத்திலும் மயிலாப்பூரிலும் படித்தவர்கள் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "கட்சியைப் பாக்காதீங்க, நல்ல ஆளாப் பாத்துப் போடுங்க." கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்களவையைப் பொறுத்தவரை அது தவறான அறிவுரை; வாக்காளர் கேட்க வேண்டிய கேள்வியையே மறக்கடிக்கிற அறிவுரை.

காரணம் ஒரு சட்டம். 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் வழியாக அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டளித்தாலும், ஓட்டளிக்காமல் ஒதுங்கினாலும், 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் உறுப்பினர் பதவி பறிபோகலாம். காசுக்கும் பதவிக்கும் கட்சி மாறியவர்களைத் தடுக்க வந்த சட்டம் இது. அந்த நோய்க்கு மருந்து தேவைதான். ஆனால் விலைபோனவரையும் மனசாட்சிக்காக மாறுபட்டவரையும் இது ஒன்றாகவே தண்டிக்கிறது. நீங்கள் தேடிப் பிடித்து அனுப்பிய நல்லவர், மசோதா வாக்கெடுப்புக்கு வரும்போது, தலைமை சொன்ன பக்கம்தான் ஓட்டளிப்பார்.

கோபாலபுரத்துக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 1998 தேர்தலில் தி.மு.க. பா.ஜ.க. அணியை எதிர்த்து நின்றது. மத்திய சென்னையில் அக்கட்சியின் முரசொலி மாறன் வென்றார். 1967 முதலே நாடாளுமன்றம் அறிந்தவர், படித்தவர், நல்ல பேச்சாளர். "நல்ல ஆள்" என்று பார்த்து ஓட்டளித்தவர்களுக்கு அவரை விடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார். 1999 ஏப்ரலில் பிரதமர் வாஜ்பாயின் பா.ஜ.க. அணி அரசுக்கான ஆதரவை அ.தி.மு.க. விலக்கிக்கொண்டதும், தி.மு.க. தலைவர் கலைஞர் கருணாநிதி வாஜ்பாயை ஆதரிக்க முடிவெடுத்தார். நம்பிக்கை வாக்கெடுப்பில் தி.மு.க. ஓட்டுகள் அரசின் பக்கம் விழுந்தன. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு வாதம். பா.ஜ.க.வுக்கு எதிராக விழுந்த மக்கள் ஓட்டு, பதினான்கு மாதத்தில் பா.ஜ.க. அரசுக்கு ஆதரவானது; அதை முடிவு செய்தது வேட்பாளரின் குணநலம் அல்ல, கட்சி.

ஏப்ரல் 17 அன்று 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் கட்சி உத்தரவை மீறி எதிர்த்து ஓட்டளித்திருந்தார். "பாருங்கள், தனி மனிதரால் முடிந்ததே!" என்பார்கள். முடிந்தது. கட்சி அவரை வெளியேற்றியது. ஒருவர் மனசாட்சிப்படி நடந்ததை இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக அதிசயமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால், அது விதியா, விதிவிலக்கா?

2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா, இதே விதி பொருந்தும் மாநிலங்களவையில், 125-க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 பேரும் பா.ம.க.வின் ஒருவரும் ஆதரித்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் மறுபக்கம் ஓட்டளித்திருந்தால் 113-க்கு 117 என்று மசோதா தோற்றிருக்கும். அவர்கள் ஒவ்வொருவரும் தனிப்பட்ட முறையில் நல்லவரா என்ற ஆராய்ச்சியால் அன்று என்ன பயன்?

கேள்வி கேட்பதிலும் நிலைக்குழுவில் உழைப்பதிலும் தொகுதி நிதியிலும் ஆள் முக்கியம்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் சட்டம் பிறப்பது வாக்கெடுப்பில். நாடாளுமன்றம் இரு முகாமாக இறுகிப்போன இந்தக் காலத்தில், ஆளும் அணியில் மசோதாவைப் பற்றிச் சந்தேகம் உள்ளவரும் எதிரணியில் அதன் ஒரு பகுதியை ஏற்பவரும் வாய்மூடி வரிசையில் நிற்கிறார்கள். பிரிட்டனில் 2019 செப்டம்பரில் பிரெக்சிட் விவகாரத்தில் ஆளுங்கட்சியினர் 21 பேர் தம் அரசையே எதிர்த்து ஓட்டளித்தார்கள். கட்சி தண்டித்தது, ஆனால் அவர்களின் உறுப்பினர் பதவி போகவில்லை. இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது.

அதைத் திறக்கும் யோசனை புதிதல்ல. கொறடாவை மீறியதற்கான பதவிப் பறிப்பை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற சிலவற்றோடு நிறுத்தலாம் என்று 1990-இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. 1992-இல் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், பதவியைப் பறிக்கும் கொறடா உத்தரவு அரசின் உயிரோ கட்சியின் அடிப்படைக் கொள்கையோ தொடர்பானவற்றோடு நிற்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னது. எந்தப் பெரிய கட்சியும் அதைச் செய்யவில்லை. தலைமைகளுக்கு இந்தக் கடிவாளம் வசதியாக இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வரும்போது அவருடைய படிப்பையும் பண்பையும் விசாரித்து நிறுத்திவிடாதீர்கள். எந்தெந்த மசோதாவில் உங்கள் கட்சி எப்படி ஓட்டளித்தது, ஏன், யாருடைய முடிவு அது என்று கேளுங்கள். பத்தாவது அட்டவணையைத் திருத்துவோம் என்று கட்சியின் தேர்தல் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.