தேர் இழுத்தவர் யார்?



சென்ற வாரம் ஷரஃபியா கடைத்தெருவில் நம் அங்கத்தினர் ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய பெண் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். போன நவராத்திரியில் குழந்தைகள் நிகழ்ச்சியை அவளும் வேறு இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து நடத்தினார்கள். "அண்ணா, அவள்தான் தலைவி என்று சங்கத்தின் பேரில் ஒரு கடிதம் கொடுங்கள்" என்றார். "மூவரும் சேர்ந்து நடத்தினார்கள் என்று தருகிறேன்" என்றேன். "'சேர்ந்து' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டுவிட்டு, மனத்தாங்கலோடு போய்விட்டார். வெகுநாள் சிநேகிதர். அவருக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் நஷ்டம் மற்ற இரு பிள்ளைகளுக்கு. அவர்களும் அதே கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று தனித் தலைவர்கள் முளைத்தால் படிப்பவர் யாரை நம்புவார்? உண்மை எழுதிய பிள்ளையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

இரண்டாவது நஷ்டம் அந்தப் பெண்ணுக்கே. ஊருக்குத் திரும்பி டாசா வழியாகப் பொறியியல் சேருவோருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஜே.இ.இ. தரவரிசையே பேசிவிடும். ஆனால் அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் ஏற்கும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் மாணவர் செய்த காரியங்கள் பத்து வரை கேட்கிறார்கள். பதவியைச் சொல்ல 50 எழுத்து, செய்த வேலையைச் சொல்ல 150 எழுத்து, அவ்வளவே இடம். முடிவில் எல்லாம் உண்மை என்று மாணவரே உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். பொய் என்று பின்னால் தெரிந்தால் கொடுத்த இடத்தையும் பறிக்கலாம். பதினேழு வயதுப் பெண்ணை அந்தக் கையெழுத்துக்குத் தள்ளுவது பெற்றோருக்கு அழகல்ல.

'சேர்ந்து' என்று எழுதினால் மதிப்புக் குறையுமோ என்பதுதான் நம் பயம். திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். 96 அடி உயரத் தேரை நான் ஒருவனே இழுத்தேன் என்றால் ஊர் சிரிக்கும். "திருப்பத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்தவன் நான்" என்று ஒருவன் சொல்லட்டும். ஊரே மரியாதையோடு பார்க்கும். வடம் பிடித்தவர் ஆயிரம் பேர் இருந்தாலும் அவன் வேலை இன்னதென்று தெரிகிறது.

அந்தப் பெண்ணும் அப்படியே எழுதலாம்: "மூன்று பொறுப்பாளர்களில் ஒருத்தி. சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். மேடைக்கு வரப் பயந்த குழந்தைகளைத் தனியே பழக்கினேன்." வெறும் 'தலைவி'யைவிட இதில்தான் அவள் முகம் தெரிகிறது.

தவறு சங்கத்திடமும் உண்டு. பிள்ளைகளிடம் வேலையைக் கொடுத்தோம். யார் எதைச் செய்தார் என்று குறித்து வைக்கவில்லை. வரும் நவராத்திரி முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவரவர் பொறுப்பை எழுதி, அதை வைத்தே கடிதம் கொடுக்கலாம் என்பது என் யோசனை. காரியக் கமிட்டி ஆலோசிக்க வேண்டும்.

நண்பருக்கான கடிதம் தயாராக இருக்கிறது. 'சேர்ந்து' என்ற சொல்லும் அதில் இருக்கிறது. அவர் வந்து வாங்கிக்கொள்வார் என்று நம்புகிறேன். குழந்தைக்கு அம்பாள் அருளால் நல்ல இடம் கிடைக்கட்டும்.