விதிநூலும் அட்டைச் சீட்டும்

மேசையைச் சுற்றி ஐவர் அமர்ந்து, ஒருவர் நடுவராகிக் கதைக்களத்தை விவரிக்க, மற்றவர் வீரராகவும் மந்திரவாதியாகவும் வேடம் பூண்டு, பகடை உருட்டி ஆடும் விளையாட்டை நேயர்களில் பலர் தம் பிள்ளைகள் வாயிலாக அறிந்திருக்கக்கூடும். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்போர் உருவாக்கி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முன்னோடியாகும். மூன்று சிறு புத்தகங்களில் அடங்கியிருந்த அதன் விதிகள், இன்று ஒவ்வொன்றும் முந்நூறு பக்கங்களைக் கடந்த மூன்று பெருநூல்களாக வளர்ந்துள்ளன.

இத்தனை விதிகளையும் கணினியின் துணையின்றி ஆள முடியுமா என்று நண்பர்கள் நம்மை வினவுவதுண்டு. முடியும் என்பதே நம் விடை. கைபேசி கணக்கைச் செய்து தரும், மெய்தான். ஆனால் ஐவரும் ஐந்து திரைகளை நோக்கியிருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது எப்போது?

முதலாவது, வேலைப் பங்கீடு. எல்லாவற்றையும் நடுவரே சுமப்பதுதான் தாமதத்திற்குக் காரணம். ஆட்ட முறைவரிசையை ஒருவர் கவனிக்கட்டும். பகைவர் பட்ட காயங்களை மற்றொருவர் எழுதட்டும். விதிநூலைப் புரட்டும் பணி மூன்றாமவருடையது.

இரண்டாவது, அட்டைச் சீட்டு. ரயில்வேயின் பொது விதிகள் பெருநூல். ஆயினும் ஒரு நிலையத்திற்கு வேண்டியவை அந்நிலையத்தின் வேலை விதிகளாகத் தனியே வகுக்கப்பட்டிருக்கும். அவ்வாறே அன்றைய ஆட்டத்தில் வரவிருக்கும் பகைவருக்கு மட்டும் ஆளுக்கொரு சீட்டு எழுதினால் போதும். பகைவனின் காப்பு எண் 15 எனில், வீரன் இருபது முகப் பகடையில் 11 உருட்டித் தன் தேர்ச்சிக்குரிய 5-ஐக் கூட்டி 16 பெறுகையில் அடி பட்டதென்று பொருள். அடியின் வலிமைக்குரிய பகடையையும் உடன் உருட்டிவிட்டால் நேரம் மிச்சமாகும். ஆடுவோர் பெயர்களை மடித்த சீட்டுகளில் எழுதி, நடுவரின் மறைப்பட்டைமீது முறைவரிசைப்படி மாட்டினால் ‘அடுத்தது யார்?’ என்னும் கேள்வியே எழாது.

மூன்றாவது, கட்டம் போட்ட தாள். ஓர் அங்குலக் கட்டம் ஐந்தடி. முப்பதடி நடப்பவன் ஆறு கட்டம் நகர்வான். தூரத்தைப் பற்றிய வாதம் அத்துடன் தீர்ந்தது.

நான்காவது, வழக்குத் தீர்ப்பு. 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப்பயிற்சி ஆட்டத்தில் பட்டியல்கள் மிகுந்திருந்தன. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்பவர் பட்டியல்களை விலக்கி நடுவரின் அனுபவ முடிவே போதும் என்றார். நாம் இடைவழியையே பரிந்துரைப்போம். ஒரு நிமிடத்தில் விதி அகப்படாவிடில் நடுவர் முடிவு சொல்லட்டும். அதைக் குறித்துவைத்து, ஆட்டம் முடிந்தபின் நூலைப் பார்த்து, அடுத்த வாரம் முதல் திருத்தமாக நடக்கலாம். ஆனால் அம்முடிவால் ஒரு பிள்ளையின் பாத்திரம் உயிரிழக்குமாயின், எவ்வளவு நேரமாயினும் நூலைத் திறந்தே தீரவேண்டும். விதியை நம்பித் திட்டமிட்ட பிள்ளையை நடுவரின் மனப்போக்கு வீழ்த்துவது நீதியன்று. பல மாதம் வளர்த்த பாத்திரம் அதற்கு விளையாட்டுப் பொருளன்று.

விதிகளை மனப்பாடம் செய்த பிள்ளை மற்றவர் முறையிலும் வாய்திறப்பது இயல்பு. அவனிடம் நூலைக் கொடுத்து, கேட்டபோது மட்டும் விடை கூறச் செய்க. முறைவரிசையைக் கூச்சமுள்ள பிள்ளையிடம் ஒப்படையுங்கள். ஒவ்வொருவர் பெயரையும் உரக்க அழைக்கும் பொறுப்பு அப்பிள்ளையின் நாவைத் தானே அவிழ்க்கும்.

நூல் ஆங்கிலத்தில் இருப்பினும் மேசைப்பேச்சு தமிழிலேயே நிகழலாம். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழில் கேட்பவை பெரும்பாலும் ‘சாப்பிடு’, ‘படி’, ‘தூங்கு’ என்பனவே. இருண்ட குகையையும் அதில் தாம் செய்யப்போவதையும் தமிழில் விவரிக்க அவர்களுக்கு ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் கிட்டுமாயின், அது சிறு லாபமன்று.