கல்லூரியில் புலி; தொழில் ஆட்டத்தில்?

அமெரிக்காவில் ஒவ்வொரு வருஷமும் ஜனவரி மாதம் ஒரு வேட்டை நடக்கும்.

மிருக வேட்டை அல்ல. பயிற்சியாளர் வேட்டை!

அங்கே தொழில்முறைக் கால்பந்தில் 32 கோஷ்டிகள் இருக்கின்றன. கிரீன் பே என்ற ஊரின் கோஷ்டி மட்டும் பொதுமக்கள் பங்கு போட்டு நடத்துவது. மற்ற 31 கோஷ்டிகளும் பெரும் பணக்காரர்களின் சொத்து. ஆட்டப் பருவம் முடிந்ததும் தோற்ற கோஷ்டிகளில் சில, தங்கள் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிடும். உடனே புது ஆளைத் தேடத் தொடங்கும்.

எங்கே தேடுவது?

சில முதலாளிகளின் கண் பல்கலைக்கழகங்களின் பக்கம் போகும். "இவர் கல்லூரி ஆட்டத்தில் நூறு பந்தயங்களுக்கு மேல் ஜெயித்தவர். நமக்கும் ஜெயித்துத் தருவார்" என்று கணக்குப் போடுவார்கள். கோடிக் கணக்கான டாலரைக் கொடுத்து அழைத்து வருவார்கள்.

இந்தக் கணக்கு சரியா? சரியில்லை என்பதே நமது கருத்து. ஏன் என்பதைப் பார்ப்போம்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கர்கள் "புட்பால்" என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், தூக்கி எறியலாம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜ தூரம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். தலைக்கவசம் அணிந்து, முட்டி மோதி ஆடும் ஆட்டம். பந்தை எறிபவருக்கு "குவார்ட்டர்பேக்" என்று பெயர். கோஷ்டியின் மூளையும் கையும் அவர்தான்.

இந்த ஆட்டத்தைப் பல்கலைக்கழக மாணவர்களும் ஆடுகிறார்கள். சாதாரணமாக அல்ல! அங்கே பல ராஜ்யங்களில், சர்க்கார் பணியில் இருப்பவர்களில் அதிகச் சம்பளம் வாங்குபவர் கவர்னர் அல்ல, நீதிபதி அல்ல. பல்கலைக்கழகப் பந்தாட்டப் பயிற்சியாளர்தான். அலபாமா பல்கலைக்கழகத்தில் இருந்த நிக் சேபன், கடைசி வருஷங்களில் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கினார். பாடம் சொல்லித் தரும் பேராசிரியர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்களோ!

விழுந்த புலிகள்

ஸ்டீவ் ஸ்பரியர் என்பவர் புளோரிடா பல்கலைக்கழகத்தில் 12 வருஷம் பயிற்சியாளர். 122 வெற்றி, 27 தோல்வி, ஒரு பந்தயம் சமம். 1996-ல் தேச சாம்பியன் பட்டம். 2002-ல் வாஷிங்டன் கோஷ்டி இவரை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில், இரண்டரைக் கோடி டாலர் பேசி அழைத்தது. முதல் வருஷம் 7 வெற்றி, 9 தோல்வி. அடுத்த வருஷம் 5 வெற்றி, 11 தோல்வி. மூன்று வருஷம் பாக்கி இருக்கும்போதே ராஜினாமாச் செய்துவிட்டார்.

அர்பன் மேயரின் கதை இன்னும் பரிதாபம். கல்லூரியில் 187 வெற்றி, 32 தோல்வி. மூன்று தேசப் பட்டங்கள். 2021-ல் ஜாக்சன்வில் கோஷ்டிக்கு வந்தார். 13 பந்தயங்களில் 2 வெற்றி, 11 தோல்வி. பருவம் முடியும் முன்பே நீக்கிவிட்டார்கள். அவர் விஷயத்தில் தோல்வி மட்டும் காரணம் அல்ல. கோஷ்டிக்குள் கசப்பும் வளர்ந்திருந்தது.

1976-ல் நியூயார்க் ஜெட்ஸ் கோஷ்டிக்கு வந்த லூ ஹோல்ட்ஸ், 3 வெற்றி, 10 தோல்வியோடு, ஒரு பந்தயம் மிச்சம் இருக்கும்போதே விலகினார். 2007-ல் அட்லாண்டாவுக்கு வந்த பாபி பெட்ரினோவுக்கும் அதே கணக்கு: 3 வெற்றி, 10 தோல்வி. அவர் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, கல்லூரி வேலைக்கே போய்விட்டார்.

இவர்களில் எவரும் முட்டாள் அல்ல. அதைக் கவனிக்க வேண்டும். ஹோல்ட்ஸ் 1988-ல் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்துக்கு தேசப் பட்டம் வாங்கித் தந்தார். அப்படியானால் கோளாறு எங்கே?

யாருடைய பலம்?

கோளாறு எண்ணிக்கையில் இருக்கிறது.

கல்லூரிப் பயிற்சியாளர் ஆட்களைத் தானே பொறுக்கி எடுக்கிறார். ஊர் ஊராகப் போகிறார். உயர்நிலைப் பள்ளியில் நன்றாக ஆடும் பையனின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். தாய் தகப்பனிடம் பேசுகிறார். உபகாரச் சம்பளம் தருகிறேன் என்கிறார். ஏற்கனவே பேர் பெற்ற கல்லூரி என்றால் பையன்கள் தாமாகவே ஓடி வருவார்கள். ஜெயித்த இடத்துக்கே நல்ல ஆட்கள் போய்ச் சேர்வார்கள். நல்ல ஆட்கள் சேர்ந்த இடமே மறுபடியும் ஜெயிக்கும். பணம் உள்ளவனிடமே பணம் சேர்வது போல!

போதாக்குறைக்கு, பெரிய பல்கலைக்கழகங்கள் சின்னக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்து, தங்கள் ஊருக்கு வரவழைத்து, தோற்கடித்து அனுப்புவதும் உண்டு. அதுவும் வெற்றிக் கணக்கில்தான் ஏறும்.

தொழில் ஆட்டத்தில் விதி தலைகீழ். அங்கே கல்லூரி முடித்த ஆட்டக்காரர்களைக் கோஷ்டிகள் முறை வைத்து எடுக்கின்றன. இதற்கு "டிராப்ட்" என்று பெயர். போன வருஷம் கடைசியாக வந்த கோஷ்டிக்கே முதல் முறை. சாம்பியனுக்குக் கடைசி முறை. மேலும் 1994 முதல், ஒரு கோஷ்டி சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு கட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே வரம்பு. பணக்காரக் கோஷ்டி எல்லா நல்ல ஆட்களையும் வளைத்துப் போட முடியாது.

இதன் பலன் என்ன தெரியுமா?

தொழில் ஆட்டத்தின் இறுதிப் பந்தயத்துக்கு "சூப்பர் பௌல்" என்று பெயர். அது தொடங்கியது 1967-ல். அன்று முதல், பருவம் முழுவதும் ஒரு பந்தயம்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற கோஷ்டி ஒன்றே ஒன்றுதான். அது 1972-ல் ஆடிய மயாமி கோஷ்டி. ஆனால் கல்லூரி ஆட்டத்திலோ, 2018 முதல் 2023 வரை ஆறு பருவங்களில் ஐந்து சாம்பியன்கள் ஒரு தோல்வியும் இல்லாதவர்கள்!

ஆகவே கல்லூரிப் பயிற்சியாளரின் நூறு வெற்றிகளில், அவருடைய மூளைக்கு எத்தனை, அவர் சேர்த்த பையன்களின் கால்களுக்கு எத்தனை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாளிகள் பிரிப்பதில்லை. மொத்தத் தொகையைப் பார்த்துக் காசோலை எழுதிவிடுகிறார்கள்.

மைதானமும் வேறு

மைதானத்திலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு முயற்சியும் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதற்குத் தரையில் இரண்டு வரிசைக் கோடுகள் போட்டிருப்பார்கள். மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரியில் அந்தக் கோடுகளுக்கு நடுவே 40 அடி இடைவெளி. தொழில் ஆட்டத்தில் 18½ அடிதான்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கல்லூரியில் பந்து ஒரு ஓரத்தில் இருந்து புறப்பட்டால், மறுபக்கம் முழுவதும் திறந்த வெளி. வேகமாக ஓடும் பையன் அந்தப் பக்கம் பாய்ந்தால் பிடிக்க ஆள் இருக்காது. தொழில் ஆட்டத்தில் பந்து எப்போதும் நடுவிலேயே புறப்படுகிறது. இரு பக்கமும் இடம் குறைவு. எதிரியின் காலும் அதே வேகம்.

ஆரெகன் பல்கலைக்கழகத்தில் சிப் கெல்லி மின்னல் வேக ஆட்டத்தால் 46 பந்தயங்களில் ஜெயித்தார், ஏழில்தான் தோற்றார். 2013-ல் பிலடெல்பியாவுக்கு வந்தார். முதல் இரண்டு வருஷமும் பத்துப் பத்து வெற்றி. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மூன்றாம் வருஷம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்தார்கள். அந்தப் பருவத்திலேயே வேலை போயிற்று. அடுத்து சான் பிரான்சிஸ்கோவில் 2 வெற்றி, 14 தோல்வி.

இன்னொன்று. கல்லூரிப் பையனுக்கு வயது 18 முதல் 22. பயிற்சியாளர் அதட்டினால் தலை குனிவான். தொழில் ஆட்டக்காரனுக்கு மனைவி மக்கள் உண்டு. பயிற்சியாளரைவிட அதிகச் சம்பளம் வாங்குபவனும் உண்டு. அவனிடம் பிரம்பு செல்லாது.

ஜெயித்தவர்கள் யார்?

கல்லூரியில் இருந்து வந்து கொடி நாட்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய கணக்கைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

பில் வால்ஷ், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷத்தில் ஜெயித்தது 17, தோற்றது 7. நல்ல கணக்குத்தான், ஆனால் பிரமாதம் இல்லை. 1979-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தார். முதல் பருவம் 2 வெற்றி, 14 தோல்வி! முதலாளி பொறுத்துக்கொண்டார். மூன்றாம் பருவத்தில் வால்ஷ் சூப்பர் பௌல் ஜெயித்தார். பிறகு இன்னும் இரண்டு முறை ஜெயித்தார். அவர் வந்த வருஷம் டிராப்டில் 81 பேர் போன பிறகு, 82-வது ஆளாக அவர் கோஷ்டி எடுத்த குவார்ட்டர்பேக்தான் ஜோ மான்டானா. அந்தப் பெயர் தெரியாத அமெரிக்கர் அபூர்வம்.

ஜிம் ஹார்பா என்பவரும் ஸ்டான்போர்டில் இருந்தவரே. நான்கு வருஷத்தில் 29 வெற்றி, 21 தோல்வி. மேயரின் கணக்குக்குப் பக்கத்தில் வைத்தால் இது சாதாரணம். ஆனால் அவர் வருவதற்கு முன் அந்தக் கோஷ்டி 12 பந்தயங்களில் ஒன்றில்தான் ஜெயித்திருந்தது. அவர் போகும் வருஷம் 13-ல் 12 ஜெயித்தது. நடுவில் 2007-ல், பெரும் பலசாலியான தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை 24-23 என்று கவிழ்த்தார். அப்புறம் சான் பிரான்சிஸ்கோவில் நான்கு வருஷம்: 44 வெற்றி, 19 தோல்வி, ஒன்று சமம்.

அன்று கவிழ்ந்த கோஷ்டியின் பயிற்சியாளர் பீட் கரோல். அவர் கதை வேறு தினுசு. அவரைத் தொழில் கோஷ்டிகள் இரண்டு முறை வேலையில் இருந்து நீக்கியிருந்தன. கல்லூரியில் போய்ப் பேர் எடுத்து, சியாட்டில் கோஷ்டிக்கு வந்து, 2014 பிப்ரவரியில் சூப்பர் பௌலை 43-8 என்று ஜெயித்தார். ஆக, தொழில் ஆட்டக் கணக்கும் அவரைப் பற்றிச் சரியாகச் சொல்லவில்லை!

நம் வாதத்துக்கு எதிரான சாட்சி ஒருவர் உண்டு. மறைக்கக் கூடாது. ஜிம்மி ஜான்சன், மயாமி பல்கலைக்கழகத்தில் 52 ஜெயித்து 9 தோற்றவர். டல்லஸ் கோஷ்டியில் 29 வருஷம் இருந்த டாம் லாண்ட்ரியை நீக்கிவிட்டு, 1989-ல் இவரைக் கொண்டு வந்தார்கள். முதல் வருஷம் ஒரு வெற்றி, 15 தோல்வி. ஊரே திட்டியது. ஜான்சன் என்ன செய்தார்? கோஷ்டியின் நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆட்களையும் டிராப்ட் முறைகளையும் மூட்டையாக வாங்கினார். 1992, 1993 இரண்டு பருவங்களிலும் சாம்பியன்!

ஜான்சன் கல்லூரியில் இருந்து கொண்டு வந்தது 52 வெற்றிகளை அல்ல. எந்தப் பையனிடம் சரக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கண்ணைக் கொண்டு வந்தார்.

அந்தக் கண் இருந்தும் விழுந்தவர் நிக் சேபன். 2005, 2006 இரண்டு வருஷம் மயாமி தொழில் கோஷ்டியில் 15 வெற்றி, 17 தோல்வி. 2006-ல் ட்ரூ பிரீஸ் என்ற குவார்ட்டர்பேக் அவர்களுக்குக் கிடைக்க இருந்தார். தோளில் காயம். கோஷ்டியின் டாக்டர்கள் தயங்கினார்கள். பிரீசை விட்டுவிட்டு வேறு ஒருவரை எடுத்தார்கள். பிரீஸ் நியூ ஆர்லியன்சுக்குப் போய், 2010 பிப்ரவரியில் சூப்பர் பௌலையே ஜெயித்தார். சேபன் அலபாமாவுக்குப் போய் ஆறு தேசப் பட்டங்கள் வாங்கினார். ஒரு தோள் சரியாக இருந்திருந்தால் இருவர் கதையும் மாறியிருக்கலாம். இதை எந்தக் கணக்குச் சொல்லும்?

கேட்க வேண்டிய கேள்வி

இது முதலாளிகளின் பணப் பிரச்சினைதானே, நமக்கு என்ன என்று நினைக்கலாம். தலைமைப் பயிற்சியாளர் போனால் அவர் கீழ் உள்ள உதவிப் பயிற்சியாளர்களும் பெரும்பாலும் மூட்டை கட்டுகிறார்கள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறுகிறது. வீடு மாறுகிறது. நீக்கப்பட்ட தலைவருக்கு ஒப்பந்தப்படி பணம் வந்துகொண்டிருக்கும். உதவியாளர்கள் வேறு ஊரில் வேலை தேட வேண்டும்.

விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் கேள்வியையாவது மாற்றலாம். "எத்தனை ஜெயித்தாய்?" என்று கேட்பதை நிறுத்தலாம். "உன்னைவிட நல்ல ஆட்களை வைத்திருந்தவனை எத்தனை முறை ஜெயித்தாய்? விழுந்து கிடந்த கோஷ்டியை என்ன செய்து எழுப்பினாய்?" என்று கேட்கலாம். பதில் திருப்தியாக இருந்தால், முதல் வருஷத் தோல்வியைக் கண்டு பதறாமல் இருக்கலாம். வால்ஷையும் ஜான்சனையும் முதல் வருஷத்திலேயே நீக்கியிருந்தால் ஐந்து பட்டங்கள் போயிருக்கும்.

இப்போது எதிர்த் திசையிலும் ஆள் போகிறார்கள். பில் பெலிச்செக், தொழில் ஆட்டத்தில் தலைமைப் பயிற்சியாளராக ஆறு சூப்பர் பௌல் ஜெயித்தவர். அவருக்குச் சமமாக அத்தனை ஜெயித்த பயிற்சியாளர் வேறு எவரும் இல்லை. 2025-ல், 73-வது வயதில், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் முதன்முறையாகக் கல்லூரிக் கோஷ்டியுடன் களத்தில் இறங்கினார். முதல் பந்தயத்தில் 48-14 என்று தோல்வி. பருவம் முடிந்தபோது கணக்கு: 4 வெற்றி, 8 தோல்வி.