காட்டின் சாவி யார் கையில்?

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் வாசலில் நின்று பாருங்கள். உள்ளே பாடம் நடத்தும் ஆசிரியரை நியமிப்பது கூட்டரசு அரசாங்கம். நில விவகாரங்களில் அதிகாரம் கொண்டது சிலாங்கூர் மாநில அரசு. சாலையோரக் குப்பையை அகற்றும் பொறுப்பு ஊராட்சி மன்றத்தினுடையது. ஓர் இடம், மூன்று அதிகாரங்கள்.

இப்பங்கீடு தற்செயலாக அமைந்ததன்று. நம் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, அதிகாரங்களைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் எனப் பிரிக்கிறது. தற்காப்பு, கல்வி, சுகாதாரம் போன்றவை கூட்டரசுக்கு உரியவை. நிலமும் காடும் மாநிலங்களுக்கு உரியவை. வெறும் பட்டியல்தானே என்று எண்ணலாம். ஆனால், ஒரு காடு நிலைப்பதும் அழிவதும் இப்பட்டியலைச் சார்ந்திருக்கிறது.

தெலுக் பங்லிமா காராங் அமைந்துள்ள கோல லங்காட் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. வட கோல லங்காட் வனக் காப்பகம் ஒரு சதுப்பு நிலக் காடு. இத்தகைய காட்டின் மண் வறண்டுவிட்டால் எளிதில் தீப்பற்றிப் பல நாள் புகையும். 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் இக்காப்பகத்தின் பெரும்பகுதியை மேம்பாட்டுக்காக விடுவிக்கும் திட்டம் வெளியானது. அருகில் வாழும் தெமுவான் பூர்வகுடியினரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தனர். எனினும், 2021 மே மாதம் ஒரு பகுதி காப்பகத் தகுதியை இழந்தது. இச்செய்தி சில மாதங்களுக்குப் பின்னரே பரவலாகத் தெரிந்தது. எதிர்ப்பு வலுக்கவே, முடிவை மீட்டுக்கொள்வதாக மாநில அரசு செப்டம்பரில் அறிவித்தது.

இந்தியாவிலும் காடு முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1980இல் இயற்றப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தமிழ்நாடு அரசு காப்புக் காடு ஒன்றை வேறு பயனுக்கு ஒதுக்க விரும்பினால் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். இங்கே ஒரு பூட்டு. அங்கே இரண்டு பூட்டு.

அப்படியானால், நாமும் இந்த அதிகாரத்தைக் கூட்டரசிடம் ஒப்படைத்துவிடலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. முதலாவதாக, தலைநகரில் இருப்பவரும் காட்டை அழிக்க ஒப்புதல் தரக்கூடும். தொலைவிலுள்ள அலுவலகத்தைவிட மாநிலச் சட்டமன்ற உறுப்பினரை அணுகுவது ஊர் மக்களுக்கு எளிது. இரண்டாவதாக, சிக்கலின் வேர் வருவாயில் இருக்கிறது. வருமான வரி கூட்டரசுக்குச் செல்கிறது. நிலம், சுரங்கம், காடு ஆகியவற்றின் வருவாயே மாநிலத்துக்குக் கிட்டுகிறது. மரம் நின்றால் வருவாய் இல்லை என்ற நிலை இருக்கும்வரை காட்டுக்கு ஆபத்து நீங்காது. காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு நிதி வழங்கும் முறை 2019இல் தொடங்கியது. அதனை மேலும் விரிவாக்குவதே பயன் தரும்.

மூன்றாவதாக, வெளிப்படைத்தன்மை வேண்டும். வனக் காப்பகத்தை விடுவிக்கும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டுமெனச் சிலாங்கூர் சட்டமன்றம் 2011இலேயே சட்டத் திருத்தம் செய்தது. இது எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வர வேண்டும். கருத்துக் கேட்டால் மட்டும் போதாது. எடுத்த முடிவையும் உடனே மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

அரசமைப்பு சாவியை ஒருவர் கையில் கொடுக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கவனிப்பது குடிமக்களின் கடமை. எந்தக் கதவைத் தட்டுவது என்று அறியாதவரின் குரல், நியாயமானதாக இருந்தாலும் உரிய இடத்தைச் சென்றடையாது. எனவே, மாணவர்கள் அரசமைப்பைத் தேர்வுக்காக மனனம் செய்வதோடு நின்றுவிடாமல், தத்தம் ஊரின் நிலத்தோடும் நீரோடும் காட்டோடும் பொருத்திப் படிக்க வேண்டும்.