கத்தியைப் பிடுங்கும் வித்தை

இரண்டு மணி நேரத்தில் கத்தியைப் பிடுங்கக் கற்றுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அது பொய். இதை ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு சொல்லவில்லை. கலிபோர்னியாவில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஆறு மாதமும், அறுபத்தேழு வயதில், பிலிப்பைன்ஸ் நாட்டுக் கம்புச் சண்டை வகுப்புக்கு வாரம் இரண்டு நாள் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

போகக் காரணம் மகள்தான். அவள் அலுவலகத்தில் பெண்களுக்கு ஒரு தற்காப்புப் பயிற்சி நடத்தினார்கள். மாலையில் வந்தவள், "இனிமே எவனாவது கத்தியைக் காட்டினா பிடுங்கிடுவேன்பா" என்று கரண்டியை என் கையில் கொடுத்துச் செய்து காட்டினாள். அவள் அம்மா கைதட்டினாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. முந்தைய நாள் வரை கத்தியைக் கண்டால் ஓடியிருப்பாள். இனி நிற்பாளே!

பக்கத்து ஊரில் ஒரு பிலிப்பினோ மாஸ்டர் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டு அவளை அழைத்துப் போனேன். "வேடிக்கை பார்க்காமல் நீங்களும் நில்லுங்கள்" என்று அவர் என் கையிலும் ஒரு பிரம்பைக் கொடுத்துவிட்டார்.

ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று மூன்று பெயர் இந்தக் கலைக்கு. (கடைசிப் பெயரை நம் காளியோடு முடிச்சுப் போட்டு யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.) எஸ்க்ரிமா என்பது வாள்வீச்சைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. 2009-இல் பிலிப்பைன்ஸ் அரசு ஆர்னிஸைத் தன் தேசிய விளையாட்டாகச் சட்டம் போட்டு அறிவித்தது. கலிபோர்னியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் அங்கே வயல்களில் கூலி வேலைக்குப் போன பிலிப்பினோக்கள். வெகுகாலம் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 1966-இல் ஏஞ்சல் கபாலெஸ் என்பவர் ஸ்டாக்டன் நகரில் எல்லோருக்குமான பள்ளியாகத் திறந்தார்.

கராத்தேயில் வெறுங்கையில் தொடங்குவார்கள். இங்கே முதல் நாளே ஆயுதம். சுமார் 28 அங்குலப் பிரம்பு. அடி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதற்கு எண் உண்டு. ஒன்று என்றால் மேலிருந்து குறுக்காக, இரண்டு என்றால் மறுபக்கத்திலிருந்து, இப்படி. இரண்டு கையிலும் கம்பு பிடித்து எதிராளியோடு தாளம் தப்பாமல் தட்டும் பயிற்சிக்கு சினவாலி என்று பெயர், பாய் முடைவது போல. முதல் மாதம் முழுக்க இதுவும் கால் வைப்பும்தான். முழங்கால் வலிக்கு நான் தைலம் தேய்த்துக்கொண்ட கதை இங்கே வேண்டாம்.

விஷயம் என்னவென்றால், கத்தியையே பாடமாக வைத்திருக்கும் கலை இது. அதைப் பிடுங்கும் முறைகளும் இதில் நிறையவே உண்டு. ஆனால் அவற்றை நம்பிக் கத்தியின் முன்னால் நிற்காதே என்று மாஸ்டர் தலைப்பாடாகச் சொன்னார். எதிராளியின் கையில் ஏற்கெனவே பலமாக அடி விழுந்திருந்தால், அதிர்ஷ்டமும் இருந்தால், அது நடக்கலாம். அவ்வளவுதான்.

இரண்டாவது மாதம் எங்களை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். கத்திக்குப் பதில் ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா. "பிடுங்குங்கள்" என்றார். என் மகள் அலுவலகத்தில் கற்றதையெல்லாம் செய்து பார்த்தாள். அரை நிமிடத்தில் முழங்கையில், விலாவில், கழுத்தில் சிவப்புக் கோடுகள். என்ன காரணம்? அலுவலகப் பயிற்சியில் தாக்குகிறவர் கையை நீட்டிவிட்டு, நாம் பிடிக்கும்வரை பொம்மை மாதிரி நின்றார். நிஜத்தில் குத்துகிறவன் கையை நீட்டிய வேகத்திலேயே பின்னுக்கு இழுத்து மறுபடி குத்துவான். இன்னொரு கையால் நம்மைப் பிடித்தும் வைத்துக்கொள்வான்.

துப்பாக்கி வைத்திருக்கும் போலீஸ்காரருக்கே இது சுலபமில்லை. சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பிரசித்தம். கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான், உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்குள் மேலே வந்து விழுவான் என்று சோதித்துப் பார்த்து எழுதினார். அப்படியிருக்க, கைப்பையோடு நிற்கும் பெண்ணுக்கு மணிக்கட்டை முறுக்கச் சொல்லித் தருவது என்ன நியாயம்?

"போகட்டும் சார், ஒரு தன்னம்பிக்கையாவது வருமே" என்பார்கள். வேண்டாம் ஐயா அந்தத் தன்னம்பிக்கை! நீச்சல் தெரியாதவனுக்கு நீச்சல் தெரியும் என்ற நம்பிக்கையை மட்டும் கொடுத்துக் கிணற்றடிக்கு அனுப்புவீர்களா?

"ஓட வழியில்லை, மூலையில் மாட்டிக்கொண்டோம், அப்போது?" என்பது நல்ல கேள்வி. அதற்கும் வகுப்பில் விடை இருந்தது. பை, நாற்காலி, குடை, எது கிடைத்தாலும் நடுவில் கொண்டுவா. கழுத்தை மறை. அவன் முகத்தைப் பார்க்காதே, ஆயுதம் பிடித்த கையை அடி. பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று இதைச் சொல்வார்கள். அடித்ததும் நின்று பார்க்காதே, கிளம்பு. பிரம்பில் பழகிய அதே வீச்சு குடைக்கும் கைத்தடிக்கும் பொருந்தும் என்பதால், நம் வயதுக்காரர்களுக்கு இதில் உண்மையாகவே பயன் உண்டு. ஆனால் கை தானாக வர மாதக்கணக்கில் ஆகும். இரண்டு மணி நேரத்தில் வராது. கத்தி முனையில் சங்கிலி கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடச் சொன்னதும் அதே மாஸ்டர்தான்.

ஊர் திரும்பினால் எங்கள் அடுக்ககத்திலும் மகளிர் தினத்துக்கு அதே இரண்டு மணி நேர வகுப்பு நடத்தப் போகிறார்கள். நோட்டீசில் கத்தியைப் பிடுங்கும் படம் பெரிதாகப் போட்டிருக்கிறது. செயலாளரிடம் போய், வகுப்பு எடுக்கிறவருக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் எனக்கு ஒரு ஸ்கெட்ச் பேனாவும் போதும், செலவு என்னுடையது, எல்லோர் முன்னாலும் பிடுங்கிக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாளாகிறது. லிஃப்டில் பார்த்தால் செல்போனை நோண்டுகிறார்.